டாப்பெட்டும் டைமிங்கும்: திருவொற்றியூர் புல்லட்டை முன்வைத்து

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பழைய புல்லட் ஒர்க்‌ஷாப்புகளில் வரும் புகார்களை எழுதிவைத்தால் அரைப் பக்கம்கூடத் தேறாது. கிக்கர் ரிட்டர்ன் அடிக்கிறது, பிக்கப் இல்லை, சைலன்சர் சிவக்கிறது, டாப்பெட் சத்தம் வருகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது. இவற்றில் முக்கால்வாசி இரண்டு வேலைகளில் வந்து முடியும். ஒன்று, பிளக்கில் பொறி எப்போது விழ வேண்டும் என்று வைப்பது. மற்றொன்று, வால்வுக்கும் அதைத் தள்ளும் உறுப்புகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்பது. முதலாவதை டைமிங் என்றும் அடுத்ததை டாப்பெட் என்றும் சொல்லி முடித்துவிடுகிறோம். இரண்டுக்கும் அளவுகள் அச்சில் இருக்கின்றன. இருந்தும் ஒரே வண்டிக்கு மூன்று மெக்கானிக்குகள் மூன்று விதமாக வைக்கிறார்கள், மூன்று விதமாகவும் அது ஓடுகிறது. அளவு முக்கியமா, கை முக்கியமா என்ற வாதம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. என் பார்வையில் அந்த வாதமே சற்றுத் தவறான இடத்தில் நிற்கிறது. அளவு எதை அளக்கிறது என்று தெரிந்த கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்தக் கேள்வியைப் பேச வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகர நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அடுத்த ஆண்டே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1957-ல் அச்சுகளும் கருவிகளும் வந்துசேர்ந்தன. 1962 வாக்கில் பாகங்கள் எல்லாமே இங்கேயே தயாராகின. 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. என்ற அந்தப் புல்லட் எஞ்சின், ரெடிட்ச் கடையைக் கட்டிய பிறகும் அடிப்படை மாறாமல் 2010 வாக்கு வரை உற்பத்தியில் இருந்தது. ஐம்பதாண்டுக்கும் மேலாக ஒரே எஞ்சின் ஓரிடத்தில் செய்யப்பட்டால் அதைச் சுற்றி ஒரு கைப்பழக்கம் வளரும். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

முதலில் டைமிங். பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். காரணம், பெட்ரோல் கலவை வெடிப்பதில்லை, எரிகிறது. பொறி விழுந்த இடத்திலிருந்து தீ பரவி அழுத்தம் உச்சத்தைத் தொடச் சில மில்லி செகண்டு ஆகும். அந்த உச்சம், பிஸ்டன் மேல் எல்லையைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கியதும் வந்தால்தான் அத்தனை தள்ளலும் வேலையாக மாறும். ஐடிலிங்கில் 800 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு மில்லி செகண்டில் கிராங்க் 5 பாகைகூடத் திரும்புவதில்லை. 3,000 சுற்றில் அதே நேரத்தில் 18 பாகை திரும்பிவிடுகிறது. தீயின் வேகம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஆகவே சுற்று ஏற ஏறப் பொறியை முன்னதாக விடவேண்டும். பழைய மோட்டார் சைக்கிள்களில் இதற்கென ஹேண்டில்பாரில் ஒரு லீவர் இருந்தது. ஓட்டுபவரே பார்த்து நகர்த்துவார். புல்லட்டின் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சின்ன எடைகளும் ஸ்பிரிங்குகளும் அதைச் செய்கின்றன. சுற்று கூடினால் எடைகள் விரிந்து, திறக்கும் கணத்தில் பொறியை விடும் பாயின்டின் கேமை முன்னே திருப்பும்.

ஒர்க்‌ஷாப்பில் நாம் வைப்பது, இந்த எடைகள் விரியாத நிலையில் உள்ள தொடக்க அளவு. புல்லட் 350-க்குப் புத்தகம் சொல்வது, பிஸ்டன் மேல் எல்லைக்கு 0.8 மி.மீ. முன்னால் இருக்கும்போது பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும் என்பது. கிராங்க் கணக்கில் அது ஏறத்தாழ 10 பாகை. பார்க்க எளிமையான அளவு. ஆனால் மேல் எல்லைக்கு அருகே பிஸ்டன் நகர்வதே தெரியாது. எல்லைக்கு 3 பாகை இப்பாலோ அப்பாலோ இருந்தால் உயர வித்தியாசம் 0.1 மி.மீ.கூட இல்லை. பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்போக் கம்பியை விட்டு, "இதோ டாப்பு வந்துடுச்சு" என்று சொல்லும்போது கம்பி பொய் சொல்வதில்லை; அந்த இடத்தில் அதற்குச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். போதாததற்கு பிளக் ஓட்டை சாய்வாக இருப்பதால் கம்பியும் சாய்ந்தே நிற்கும். 0.8 சரியா, 0.7 சரியா என்று வாதாடுபவர்கள், மேல் எல்லையையே 3 பாகை தள்ளிக் குறித்திருக்கும் சாத்தியத்தை யோசிப்பதில்லை. இதற்கு ஒரே நல்ல வழி, பாகை வட்டை கிராங்கில் பூட்டி, எல்லைக்கு இருபுறமும் பிஸ்டன் ஒரே உயரத்தைத் தொடும் இரண்டு இடங்களைக் குறித்து, நடுவைக் கண்டுபிடிப்பது. அரைமணி கூடுதலாகும். ஒருமுறை செய்து ரோட்டரில் ஒரு கோடு போட்டுவிட்டால் அந்த வண்டிக்கு அது ஆயுளுக்கும் போதும். இதை வழக்கமாகச் செய்யும் பட்டறைகள் மிகக் குறைவு என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

பாயின்ட் திறக்கும் கணத்தைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. சிகரெட் பாக்கெட்டின் மெல்லிய தாளைப் பாயின்டுகளுக்கு நடுவே வைத்து லேசாக இழுத்துக்கொண்டே இருப்பது, தாள் விடுபடும் இடத்தில் நிறுத்துவது முதல் வழி. இரண்டாவது, ஒரு பல்பை வயரில் கோத்துப் பார்ப்பது. மூன்றாவது புல்லட்டுக்கே உரியது. ஹெட்லைட் கூட்டில் இருக்கும் ஆம்மீட்டரைப் பார்ப்பது. சாவியைப் போட்டதும், பாயின்ட் மூடியிருந்தால் முள் இடது பக்கம் சாய்ந்து நிற்கும். திறந்ததும் நடுவுக்கு வரும். பழைய புல்லட்காரர்கள் கிக்கரை மெல்ல அமுக்கி, முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸரைப் பிடித்துச் சற்று நகர்த்தி, பிறகு ஒரே உதையில் ஸ்டார்ட் செய்வது இந்த முள்ளைப் பார்த்துத்தான். டைமிங் வைக்கவும் அது உதவும். ஆனால் முள் தள்ளாடும், தாளின் துல்லியம் அதற்கு இல்லை. என் தேர்வு தாள். பல்பு வெளிச்சம் மங்குவதைக் கண் தாமதமாகப் பிடிக்கும். விரலில் அந்தத் தளர்வு உடனே தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் சமரசம் செய்யக் கூடாது. டாப் கியரில் போட்டு, சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரத்தைத் திருப்பும்போது, எஞ்சின் ஓடும் திசையிலேயே அந்த இடத்துக்கு வர வேண்டும். தாண்டிவிட்டால் நாலு விரல் பின்னுக்குத் திருப்பி மறுபடி முன்னால் வரவேண்டும். செயினிலும் டைமிங் கியர்களிலும் உள்ள லூஸ் எல்லாம் ஒரு பக்கம் இறுகி நின்றால்தான் குறித்தது நிற்கும்.

அதற்கும் முன்னால் செய்யவேண்டியது பாயின்ட் இடைவெளி. அது 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் பாயின்ட் முன்னதாகத் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும்; குறைந்தால் ரிடார்டு ஆகும். எனவே டைமிங்கை வைத்துவிட்டுப் பிறகு பாயின்டைத் தொட்டால் செய்த வேலை வீண். ஓட ஓடப் பாயின்டின் குதிகால் தேய்ந்து இடைவெளி குறையும், டைமிங் தானாகப் பின்னுக்குப் போகும். வண்டிக்காரருக்கு இது ஒரு நாளில் தெரிவதில்லை. மைலேஜ் மெல்லக் குறையும், சைலன்சர் வளைவு நீலம் பாரிக்கும், ஒரு நாள் மின்ட் மேம்பாலத்தில் ஆள் ஏற்றிப் போகும்போது மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டிவரும்.

கழற்றிய பழைய பாயின்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முகத்தில் கொப்புளம் போல ஒரு மேடு, எதிர் முகத்தில் அதே அளவுக்கு ஒரு குழி. உலோகம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. கன்டென்சர் சரியில்லை என்பதற்கு இது பெரும்பாலும் அடையாளம். இந்த நிலையில் ஃபீலர் கேஜை நுழைத்தால் அது மேட்டின் நுனிக்கும் எதிர் முகத்துக்கும் நடுவே உட்காரும். குழியின் ஆழம் கணக்கில் வராது, உண்மையான இடைவெளி கேஜ் காட்டுவதைவிட அதிகம். உப்புத்தாளைப் போட்டுத் தேய்ப்பது வழக்கம்தான், ஆனால் தாளிலிருந்து உதிரும் துகள் பாயின்டிலேயே பதிந்து மறுபடி கருகும். மெல்லிய அரத்தால் சமன்செய்து, சுத்தமான துணியால் துடைப்பதே சரி. இதோடு இந்தக் கரையோரத்தின் உப்புக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காசிமேட்டிலும் எண்ணூரிலும் வாரக்கணக்கில் நிறுத்திய வண்டியின் பாயின்டில் கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்துவிடும். பொறி வராது. டைமிங் போய்விட்டது என்று டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவார்கள். பாயின்டைத் துடைத்தாலே வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தாலோ எந்த அளவும் நிற்காது. விரலால் தண்டை ஆட்டிப் பார்க்காமல் டைமிங்கில் கைவைக்கும் மெக்கானிக்கை நான் நம்புவதில்லை.

அடுத்தது டாப்பெட். எஞ்சின் அளவுகளிலேயே புல்லட்டுடையது விசித்திரமானது. பெரும்பாலான எஞ்சின்களுக்கு ஒரு எண் இருக்கும், ஃபீலர் கேஜின் ஒரு தகடு இருக்கும். தண்ணீர் பம்ப், கான்கிரீட் மிக்ஸர் எல்லாவற்றிலும் காணப்படும் ஹோண்டா ஜிஎக்ஸ்160-க்கு இன்லெட் 0.15, எக்ஸாஸ்ட் 0.20. தகட்டை நுழை, இறுக்கு, எழுந்திரு. புல்லட்டுக்கான அளவு பூஜ்யம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளியே இருக்கக் கூடாது, ஆனால் வால்வை அழுத்தவும் கூடாது. பூஜ்யத்துக்குத் தகடு கிடையாது.

இது எப்படி முடிகிறது என்றால், சூட்டில் சிலிண்டரும் ஹெட்டும் விரிந்து ராக்கரை மேலே தூக்குகின்றன. அலுமினியக் கலவையில் செய்த புஷ்ராடும் கூடவே நீள்கிறது. ஒன்றை ஒன்று கிட்டத்தட்ட ஈடுகட்டிக்கொள்வதால், குளிரில் இடைவெளி விட்டுவைக்க வேண்டிய தேவை குறைகிறது. வெவ்வேறு எஞ்சின்களில் உலோகமும் உயரமும் கேமின் வடிவும் வேறு, அதனால் எண்ணும் வேறு. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. பைக் எல்லாமே ஒன்றுதான் என்று புல்லட்டுக்கும் ஒரு தகடு இடைவெளி விட்டு, அது கிணுகிணுவென்று அடிப்பதை "பழைய வண்டி, அப்படித்தான் சார்" என்று சொல்லி அனுப்புவது இன்றும் நடக்கிறது.

வைக்கும் முறை இது. பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் மேல் எல்லைக்குக் கொண்டுவர வேண்டும்; டைமிங்குக்கும் இந்த இடத்தை ஒட்டித்தான் வர வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரே உட்காரலில் முடிக்கலாம். சிலிண்டரின் வலப்பக்கம், ஒற்றை நட்டில் நிற்கும் டாப்பெட் மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடுகளின் அடிப்பகுதி தெரியும். மூன்று ஸ்பேனர் வேண்டும். ஒன்று டாப்பெட்டைப் பிடிக்க, ஒன்று லாக்நட்டுக்கு, ஒன்று அட்ஜஸ்டருக்கு. இரண்டு கை உள்ள மனிதருக்கு மூன்று ஸ்பேனர்! பக்கத்தில் நிற்கும் பையனிடம், "தம்பி, இதைப் புடி, ஆட்டாம புடி" என்று ஒன்றைக் கொடுப்பார்கள். பலர் இந்தத் தொழிலுக்குள் நுழைந்ததே அந்த மூன்றாவது ஸ்பேனரைப் பிடித்துத்தான். அட்ஜஸ்டரை ஏற்றிக்கொண்டே போய், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புஷ்ராடை உருட்டிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் உருள வேண்டும், மேலும் கீழும் அசைத்தால் அசைவே இருக்கக் கூடாது. எக்ஸாஸ்டுக்கு மட்டும் மயிரிழை தளர்வு வைக்கலாம். பிறகு லாக்நட்டை இறுக்கினால் வைத்தது கட்டாயம் மாறும். நட் இறுகும்போது அட்ஜஸ்டரையும் இழுத்துச் செல்லும். அதனால் மறுபடி உருட்டிப் பார்த்து, தேவையானால் மறுபடி பிரிப்பது இந்த வேலையின் பாதி. இறுக்கிய பின் உருட்டிப் பார்க்காமல் மூடியைப் போடுவதுதான் இங்கே நான் அதிகம் காணும் அவசரம்.

கை முக்கியம் என்பவர்களின் பக்கம் இங்கே நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கை காதைப் பின்பற்றும்போது தவறிவிடுகிறது. டாப்பெட் சத்தம் வந்தால் உடனே இறுக்குவது வழக்கமாகிவிட்டது. ராக்கரோ அட்ஜஸ்டரோ தேய்ந்தால் இடைவெளி கூடும், சத்தம் வரும். அதனால் பெரிய சேதமில்லை. வால்வு கொஞ்சம் தாமதமாகத் திறந்து முன்னதாக மூடும், சக்தி சற்றுக் குறையும். ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வின் முகமும் சீட்டும் தேய்ந்தால் வால்வு மேலே ஏறும், இடைவெளி குறையும், சத்தமும் குறையும். வண்டி முன்னைவிட அமைதியாக இருக்கிறது என்று உரிமையாளர் மகிழும் அதே நேரத்தில் வால்வு முழுதாக உட்காராமல் நிற்கிறது. எக்ஸாஸ்ட் வால்வின் சூட்டில் பெரும்பகுதி சீட் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது உட்காராவிட்டால் சூடு போக வழியில்லை. ஓரம் கருகி, கம்ப்ரஷன் போய், ஒருநாள் காலை கிக்கர் வெண்ணெயாக இறங்கும். சத்தம் போடும் டாப்பெட்டைவிட, அண்மையில் சத்தம் அடங்கிப்போன டாப்பெட்டுக்கே நான் முதலில் ஸ்பேனரை எடுப்பேன்.

சீட் தேய்மானத்துக்கும் பெட்ரோலுக்கும் உறவு உண்டு. வேதியியலாளர் மிட்ஜ்லி 1921-ல் கண்ட ஈயச் சேர்க்கை நாக்கிங்கைத் தடுத்ததோடு எக்ஸாஸ்ட் சீட்டின் மேல் ஒரு மெல்லிய படிவையும் விட்டுவைத்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் 1995 ஏப்ரலில் வந்தது, 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயம் நின்றது. திருவொற்றியூருக்குப் பின்னால் மணலியில் சுத்திகரிப்பு ஆலையையே வைத்திருக்கும் மக்களுக்கு ஈயம் போனது நல்லதே, அதில் இரண்டு கருத்தே கிடையாது. ஆனால் பழைய வண்டிக்காரர் எக்ஸாஸ்ட் டாப்பெட்டை முன்னைவிட அடிக்கடி உருட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "டக்... டக்..." என்று எண்ணிவிடலாம் போல ஐடிலிங் வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். டைமிங்கை ரிடார்டு செய்து, ஐடிலிங்கை இறக்கி, மெக்கானிக் அதைக் கொடுத்தும்விடுகிறார். கேட்க இனிமைதான். புல்லட்டின் ஆயில் பம்ப் எஞ்சின் சுற்றில்தான் ஓடுகிறது. சுற்று குறைந்தால் பிக் எண்டுக்கும் ராக்கருக்கும் போகும் ஆயிலும் குறைகிறது. ரிடார்டு ஆன எஞ்சினில் எரிதல் தாமதமாகி, சூடு எக்ஸாஸ்ட் வால்வின் மீது இறங்குகிறது. ராயபுரம் கன்டெய்னர் லாரி நெரிசலில் மே மாத மதியம் ஊர்ந்து போகும் வண்டிக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கழற்றிய பிக் எண்டைப் பார்த்தவர்கள் அறிவார்கள். சத்தத்துக்காக டைமிங் வைப்பதை நல்ல மெக்கானிக் மறுக்க வேண்டும்.

எதிர்த்தவறும் உண்டு. பிக்கப் வேண்டும் என்று அட்வான்ஸ் ஏற்றுவது. உதைக்கும் வேகத்தில் கிராங்க் மெதுவாகச் சுற்றுவதால், முன்னதாக விழுந்த பொறி பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடும், கிக்கர் கணுக்காலில் அடிக்கும். ஓடும்போது நாக்கிங் வரும். சென்னை சமதரை என்பதால் இதைச் சோதிக்க மேம்பாலம்தான் ஏற்றம். டாப் கியரில், பின்னால் ஆளோடு, பாலத்தின் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரைத் திறந்து பாருங்கள். சில்லறை குலுங்குவது போன்ற ஒலி ஒரு கணம் வந்து மறைந்தால் டைமிங் எல்லையில் இருக்கிறது. நின்றுகொண்டே இருந்தால் சற்றுப் பின்னுக்கு வர வேண்டும். புத்தக அளவில் தொடங்கு, ரோட்டில் முடி. அந்த இரண்டுக்கும் வித்தியாசம் ஓரிரு பாகைக்கு மேல் வந்தால் தவறு டைமிங்கில் இல்லை. அட்வான்ஸ் ஸ்பிரிங், கார்புரேட்டர், காற்றுக் கசிவு என்று தேட வேண்டும்.

இந்த வட்டாரத்தின் மற்ற சிறு எஞ்சின்களை ஒரு பார்வையில் முடித்துவிடலாம். ஒரு காலத்தில் ஆட்டோக்களில் ஓடிய டூ ஸ்ட்ரோக்கில் இத்தகைய வால்வே இல்லை, ஆகவே டாப்பெட் பேச்சில்லை. ஜிஎக்ஸ் போன்ற ஹோண்டா எஞ்சினில் டைமிங் வைக்கும் வேலையும் கிடையாது. ஃப்ளைவீலில் உள்ள காந்தமே அதைத் தீர்மானிக்கிறது, ஃப்ளைவீல் சாவி வெட்டுப்பட்டு நகர்ந்தால் மட்டும் குழம்பும். காசிமேட்டு ஃபைபர் படகுகளின் சிறு டீசல் எஞ்சினில் பொறி இல்லை. அங்கே டைமிங் என்பது டீசல் எப்போது பீய்ச்சப்படுகிறது என்பது. பம்புக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் அதை வைப்பார்கள். 1990-களில் இதே திருவொற்றியூர் நிறுவனம் டாரஸ் என்ற டீசல் புல்லட்டை விற்றபோது, அந்த வண்டிக்கும் ஷிம் வேலை தெரிந்தவர் தேவைப்பட்டார்.

புல்லட்டிலேயே இந்த இரண்டு வேலைகளும் ஒவ்வொன்றாக விடைபெற்றன. 2000-களின் தொடக்கத்தில் வந்த எலெக்ட்ராவில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்ததும் பாயின்ட் போனது. 2008-09-ல் வந்த யூசிஇ எஞ்சினில் ஹைட்ராலிக் டாப்பெட் வந்து, புஷ்ராடை உருட்டும் வேலையும் போனது. ஆயில் அழுத்தமே இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். இடையே 2013-ல் ஒரகடம், 2017-ல் வல்லம் வடகால் ஆலைகள் வந்து, உற்பத்தியின் பெரும்பகுதி தெற்கே நகர்ந்தது. ஆனால் 2020-ல் மீட்டியர் பைக்கோடு வந்து, 2023-ல் புல்லட் பெயரையும் ஏற்ற ஜே வரிசை எஞ்சினில் கேம் மேலே ஏறியது. வால்வு இடைவெளியை ஸ்குரூவும் லாக்நட்டும் வைத்துச் சரிபார்க்கும் வேலை அதோடு திரும்பியிருக்கிறது. இப்போது அதற்கு ஒரு எண் உண்டு, தகடும் உண்டு. டைமிங்கை மட்டும் இனி யாரும் கையால் தொட முடியாது, அது கம்ப்யூட்டரின் பொறுப்பு.

பழைய இரும்பு சிலிண்டர் புல்லட்டுகளுக்கு இப்போது புதிதாக வந்திருக்கும் சோதனை, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். கம்ப்ரஷன் விகிதம் 7-ஐ ஒட்டியோ அதற்கும் கீழோ இருக்கும் இந்த எஞ்சினுக்கு அது பயன்படாது. ஆனால் எத்தனால் எரிய, அதே அளவு எரிபொருளுக்குக் குறைவான காற்று போதும். பழைய ஜெட்டோடு நிற்கும் மிக்கார்ப் கார்புரேட்டர், தன்னை அறியாமலே லீன் கலவையைக் கொடுக்கத் தொடங்குகிறது. வண்டி சூடாகும், ஏற்றத்தில் தடுமாறும். அப்போது முதல் கை டிஸ்ட்ரிபியூட்டருக்குத்தான் போகிறது. இரண்டு பாகை அட்வான்ஸ் போட்டால் பிக்கப் திரும்பியது போலத் தோன்றும், சூடோ இன்னும் ஏறும். செய்ய வேண்டியது மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்குவது, பிளக்கின் நிறத்தைப் பார்ப்பது, ரப்பர் பாகங்கள் ஊறியிருக்கின்றனவா என்று பார்ப்பது. அதன் பிறகு எஞ்சின் நன்றாக ஆறிய மறுநாள் காலை, எக்ஸாஸ்ட் புஷ்ராடை உருட்டிப் பார்ப்பது. டைமிங்கைக் கடைசியில் தொட்டால் போதும். பல வண்டிகளில் தொடவே தேவைப்படாது.